வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்கக் கலை வரலாற்றை இங்கிருந்து படிக்கலாமா?

கேள்வி: உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாகக் கற்ற என் மகள், அமெரிக்கக் கலை வரலாற்றை ஆராய விரும்புகிறாள். அந்த நாட்டையே காணாத ஒருவர் திருகோணமலையில் இருந்துகொண்டு அதைப் படிப்பதில் பொருள் உண்டா?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: நிச்சயமாக உண்டு. அமெரிக்கக் கலையில் கணிசமான பகுதி கடல் கடந்த தொடர்புகளால் உருவானது. அதை அந்நாட்டு எல்லைக்குள் மட்டும் வைத்துப் படிப்பவர் பாதியைத் தவற விடுவார்.

அமெரிக்க விடுதலைப் போரில் படைத்தலைவர் ஜோர்ஜ் வோஷிங்டன் டெலவெயார் ஆற்றைக் கடக்கும் ஓவியத்தைத் தங்கள் மகள் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். அமெரிக்கத் தேசப்பற்றின் சின்னமாகவே கருதப்படும் அதை இமானுவேல் லொய்ட்சே 1851 இல் தீட்டி முடித்த இடம் ஜேர்மனியின் டுசெல்டோர்ஃப் நகரம். ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவர், 1848 புரட்சிகள் தோற்றுத் துவண்டிருந்த ஐரோப்பியருக்கு ஊக்கமூட்டவே இக்காட்சியைத் தேர்ந்தார் எனக் கலை வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். படகிலுள்ள கொடியை உற்றுப் பார்க்க வேண்டும்: நட்சத்திரங்களும் பட்டைகளும் கொண்ட அக்கொடி 1777 ஜூனில்தான் ஏற்கப்பட்டது, வோஷிங்டன் ஆற்றைக் கடந்ததோ 1776 டிசம்பரில். லொய்ட்சே இதற்கு முன் தீட்டிய முதல் வடிவம் ஜேர்மனியிலேயே தங்கி, 1942 இல் பிரேமன் நகரில் பிரித்தானியக் குண்டுவீச்சுக்கு இரையானது.

நம்மவர் நுழைவதற்கு இன்னொரு வாசலும் திறந்தே இருக்கிறது. சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனாக 1877 இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1917 முதல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் பணியாற்றினார். கீழைத்தேயக் கலையின் அறிஞராகவே அவரை அறிந்திருக்கிறோம்; ஆனால், புகைப்படத்தைக் கலையாக ஏற்கப் பெரிய நூதனசாலைகள் தயங்கிய காலத்தில், அமெரிக்கரான அல்பிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 புகைப்படங்கள் 1924 இல் பொஸ்டன் சேகரிப்பில் இடம்பெற முன்னின்றவரும் அவரே. அமெரிக்கக் கலையின் போக்கில் ஈழத்தவர் ஒருவர் கைவைத்த இந்த அத்தியாயத்தைத் தமிழில் விரிவாக எழுத ஒருவர் வரவேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

வெளியிலிருந்து பார்ப்பது மட்டுமே தகுதியாகிவிடாது. மூல ஆவணங்களை வாசிக்கும் பயிற்சி வேண்டும். லொய்ட்சேயின் ஓவியத்தை வைத்திருக்கும் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலை, காப்புரிமை நீங்கிய படைப்புகளின் படங்களை 2017 முதல் இலவசமாகத் தரவிறக்க அனுமதிக்கிறது. ஆங்கிலத்துடன் இன்னொரு மொழியும் தேவைப்படும். ஜேர்மன் மொழியைக் கொழும்பிலுள்ள கோத்தே நிறுவகத்தில் கற்கலாம்.