மடிக்கணினியில் இரண்டு விண்டோஸ் காட்டுகிறது: பழைய கோப்புகளை எப்படி மீட்பது, ஒன்றை எப்படி நீக்குவது?

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மடிக்கணினி திறக்காமல் நின்றுவிட்டதால் கடையில் கொடுத்துப் புதிதாக விண்டோஸ் போட்டேன். இப்போது ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நீலத் திரையில் இரண்டு "விண்டோஸ் 10" காட்டி, எது வேண்டும் என்று கேட்கிறது. என் வினாத்தாள்கள், படங்கள் எதையும் காணவில்லை. அவற்றை மீட்க முடியுமா? தேவையில்லாத விண்டோஸை எப்படி நீக்குவது?

பதில்:

இன்றைக்கு எதையும் நீக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் இதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அந்த இரண்டு பெயர்களும் உங்களுக்குத் தொல்லையாகத் தெரிகின்றன. எனக்கு அவை நல்ல செய்தியாகவே படுகின்றன. கடையில் பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதைப் போட்டிருந்தால், பெரும்பாலும் ஒரு பெயர்தான் வந்திருக்கும். இரண்டு வருகிறது என்றால், வன்தட்டின் வேறொரு பகுதியில் புதியதைப் போட்டிருக்கிறார்கள்; பழையது தன் இடத்தில் அப்படியே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உங்கள் வினாத்தாள்களும் அதற்குள்தான் இருக்கும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் தலவாக்கலைக்கு அருகில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். 2021 ஏப்ரலில் ஒரு பின்னேரம் இடியும் மழையுமாக இருந்தபோது மின்சாரம் போய்ப் போய் வந்தது. என் மடிக்கணினியின் பேட்டரி அதற்கு முன்பே பழுதாகியிருந்தது. மின்சாரத்தில் நேரடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் அது திறக்கவில்லை. நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு நாளில் திருப்பித் தந்த இளைஞர், "பழையது எல்லாம் போய்விட்டது டீச்சர். இரண்டு பெயர் காட்டுவது பிடிக்கவில்லை என்றால் கொண்டு வாருங்கள், முழுவதையும் ஃபார்மட் செய்து ஒன்றாகப் போட்டுத் தருகிறேன்" என்றார்.

அந்தக் கணினியில் என் தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, இங்கே யார் இருப்பது, இந்தியாவுக்கு யார் போவது என்று எங்கள் குடும்பங்கள் கிழிபட்ட கதை மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காகிதத்தின் மூலப்பிரதி லயத்துக் கூரை ஒழுகி, மை கரைந்து, படிக்க முடியாமல் போயிருந்தது. மிஞ்சியது அந்த ஸ்கேன் ஒன்றுதான். அதோடு, எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் நடந்த காமன் கூத்தைத் தம்பி இரவு முழுக்க விழித்திருந்து எடுத்த காணொளியும் இருந்தது. அதில் ரதி வேடம் கட்டியவர் இன்று உயிரோடு இல்லை. "ஒரு இரவு பொறுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கணினியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அன்று இரவே இரண்டும் கிடைத்தன. கடையில் சொன்னபடி ஃபார்மட் செய்து, அதாவது வன்தட்டை முழுவதும் அழித்திருந்தால் இரண்டையும் இழந்திருப்பேன்.

இனி உங்கள் கணினிக்கு வருவோம். புதிய விண்டோஸுக்குள் போய் "திஸ் பிசி"யைத் திறங்கள். சி, டி என்று இரண்டு டிரைவ்கள் இருக்கும். பலரும் தடுமாறும் இடம் இது. புதிய விண்டோஸ் தான் இருக்கும் பகுதியைச் சி என்று அழைக்கும். பழைய சி இப்போது டி ஆகியிருக்கும். எங்கள் தோட்டங்களுக்குப் பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயரும் வாய்ப்பேச்சில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கின்றன அல்லவா? இடம் ஒன்றுதான், கூப்பிடுகிறவரைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. இதுவும் அப்படியே. அதனால் எழுத்தை நம்பாதீர்கள். டிரைவின் அளவையும் உள்ளே இருப்பதையும் பாருங்கள்.

டி டிரைவுக்குள் "யூசர்ஸ்" என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் நீங்கள் முன்பு வைத்திருந்த பயனர் பெயரில் ஒரு கோப்புறை. திறக்கப் போனால் உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு சிறு பெட்டி வரும். பயப்பட வேண்டாம். பழைய விண்டோஸில் இருந்த "நீங்கள்" வேறு, புதியதில் இருக்கும் "நீங்கள்" வேறு என்று கணினி நினைக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அது உள்ளே வைத்திருக்கும் அடையாள எண் வேறு. "கன்டினியூ" என்பதை அழுத்திவிட்டுக் காத்திருங்கள். கோப்புகள் நிறைய இருந்தால் பல நிமிடங்கள் எடுக்கும். இதற்கு உங்கள் கணக்கு நிர்வாகிக் கணக்காக இருக்க வேண்டும்.

உள்ளே டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கையும் பாருங்கள். ஒன்டிரைவ் என்று ஒரு கோப்புறை இருந்தால் அதையும் திறங்கள். டெஸ்க்டாப்பில் வைத்ததாக நாம் நினைப்பது பல நேரம் அதற்குள்தான் கிடக்கும். நம்மில் பலர் கோப்புகளை டிரைவின் முகப்பிலேயே "புதிய கோப்புறை" என்று போட்டு வைப்போம். அதையும் விட்டுவிடாதீர்கள்.

டிரைவில் பூட்டுப் படம் தெரிந்து கடவு எண் கேட்டால் அது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு. கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்பு எண்ணோ இல்லாமல் அதைத் திறக்க முடியாது. நீங்கள் முன்பு பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறொரு கணினி வழியாக நுழைந்தால், பெரும்பாலும் அந்த எண் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும்.

ஆசிரியர் என்பதால் உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய வினாத்தாள்களைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து, பொருளே இல்லாத வரிகளாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. புதிய விண்டோஸில் பாமினி இல்லை, அவ்வளவுதான். பாமினி ஒருங்குறி (யூனிகோட்) அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. அது இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகளே வெளியே தெரியும். சக ஆசிரியர் ஒருவரிடமிருந்து அந்த எழுத்துருக் கோப்பை வாங்கி, அதன்மேல் வலது சொடுக்கு செய்து "இன்ஸ்டால்" கொடுங்கள். எல்லா வரியும் தமிழாகிவிடும். எங்கள் பாடசாலையில் ஒருவர் பல தவணைப் பரீட்சைகளின் வினாத்தாள்களை இப்படித் தவறாக எண்ணி அழித்துவிட்டார். இன்றும் அதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

இனிப் பிரதி எடுப்பது. வெளி வன்தட்டு ஒன்று, பென் டிரைவ் ஒன்று என்று இரண்டு இடங்களில் எடுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம். நகல் எடுத்து ஒட்டுங்கள். அப்போது இடையில் மின்சாரம் போனாலும், கோப்பு எந்தப் பக்கம் நிற்கும் என்ற கவலை இருக்காது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையில் பின்னேரம் இடி மழை வழக்கம். அந்த மாதங்களில் இந்த வேலையைக் காலையில் தொடங்குங்கள்.

முடிந்ததும் பழைய கோப்புறை, புதிய கோப்புறை இரண்டின்மேலும் வலது சொடுக்கு செய்து "ப்ராப்பர்டீஸ்" பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போக வேண்டும். அதோடு நிற்காமல் பத்துப் பன்னிரண்டு கோப்புகளைப் பிரதியிலிருந்தே திறந்து பாருங்கள். காணொளி என்றால் கடைசி நிமிடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். நான் கூத்துக் காணொளியை முடிவு வரை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் அன்று தூங்கப் போனேன்.

டி டிரைவில் "யூசர்ஸ்" இல்லை, எல்லாம் காலி என்றால், அந்தப் பகுதி ஃபார்மட் செய்யப்பட்டிருக்கிறது. அப்போது கணினியை உடனே அணைத்துவிடுங்கள். அழிந்த கோப்பின் இடத்தில் புதிதாக ஏதாவது எழுதப்படும் வரைதான் அதை மீட்க முடியும். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, ரெகுவா அல்லது ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடலாம். கிடைப்பதை அதே வன்தட்டில் சேமிக்கக் கூடாது. சுழலும் பழைய வகை வன்தட்டு என்றால் நம்பிக்கை உண்டு. எஸ்எஸ்டி என்ற சுழலாத புதிய வகை என்றால், அழிந்த இடங்களை அது தானாகவே துடைத்துவிடுவதால் வாய்ப்பு மிகக் குறைவு. இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கோப்புகள் கையில் இருக்கின்றன என்ற உறுதி வந்த பிறகுதான் நீக்கும் வேலை. அதையும் நான் இரண்டு கட்டமாகச் செய்தேன்.

முதல் கட்டத்தில் பட்டியலிலிருந்து பெயரை மட்டும் எடுக்க வேண்டும். புதிய விண்டோஸில் இருந்தபடி விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். "பூட்" என்ற பகுதியில் இரண்டு பெயர்களும் இருக்கும். "கரன்ட் ஓஎஸ்" என்று எழுதியிருப்பது இப்போது நீங்கள் உள்ளே இருக்கும் விண்டோஸ். அதைத் தொட வேண்டாம். அது "டிஃபால்ட்" ஆகவும் இல்லையென்றால் முதலில் அதை அப்படி ஆக்குங்கள். பிறகு மற்றதைத் தெரிவு செய்து "டிலீட்" கொடுங்கள். அடுத்த முறை நீலத் திரை வராது. இதனால் பழைய விண்டோஸ் அழிவதில்லை. வாசலில் இருந்த பெயர்ப் பலகை மட்டும் போகிறது, வீடு அப்படியே நிற்கிறது. உங்களைத் தினமும் தொல்லை செய்த விடயம் இத்தோடு தீர்ந்துவிடுவதால், மீதி வேலைக்கு அவசரமே இல்லை. நான் ஒரு தவணை முழுவதும் அப்படியே விட்டு வைத்தேன். இடையில் இரண்டு முறை, மறந்துபோன கோப்புகளைத் தேடி டி டிரைவுக்குப் போக வேண்டியிருந்தது.

இரண்டாவது கட்டம், இடத்தை மீட்பது. முதலில் பிரதி எடுத்த வன்தட்டையும் பென் டிரைவையும் கழற்றி அலுமாரியில் வையுங்கள். அவை செருகியிருக்கும்போது ஃபார்மட் என்ற சொல்லின் பக்கமே போகாதீர்கள்.

"ஸ்டார்ட்" பொத்தானில் வலது சொடுக்கு செய்து "டிஸ்க் மேனேஜ்மென்ட்" திறங்கள். வன்தட்டு பல பெட்டிகளாகத் தெரியும். சுமார் 100 எம்பி அளவில் "ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்" என்று ஒன்று இருந்தால், கணினியைத் திறக்கும் சாவி அதுதான். சிறியது, தேவையில்லாதது என்று நினைத்து அதை நீக்கியவர்கள் மீண்டும் கடைக்குப் போக வேண்டி வந்தது. "ரிகவரி" என்று இருப்பதையும் விட்டுவிடுங்கள். பழைய கணினிகளில் ஈஎஃப்ஐ பகுதி இருக்காது. அங்கே உங்கள் டி பெட்டியின் கீழே "சிஸ்டம்", "ஆக்டிவ்" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், புதிய விண்டோஸும் திறப்பதற்கு அந்தப் பகுதியையே நம்பியிருக்கிறது. அதை ஃபார்மட் செய்ய டிஸ்க் மேனேஜ்மென்ட் விடாது. வேறு மென்பொருளால் வலிந்து செய்யவும் கூடாது. திறப்புக் கோப்புகளை முதலில் சி பகுதிக்கு மாற்ற வேண்டும். அதற்கு பிசிடிபூட் என்ற கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. பழக்கமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அந்தச் சொற்கள் இல்லையென்றால் வழி எளிது. "திஸ் பிசி"யில் டி டிரைவின்மேல் வலது சொடுக்கு, "ஃபார்மட்", என்டிஎஃப்எஸ், "குவிக் ஃபார்மட்". பழைய விண்டோஸ் கோப்புறையை மட்டும் தெரிவு செய்து அழிக்க முயன்றால் அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்று நாள் முழுக்கப் போராட வேண்டியிருக்கும். முழுப் பகுதியையும் ஃபார்மட் செய்வதே நேரான வழி.

அந்த இடத்தைச் சியோடு சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பகுதியையே நீக்கி, ஒதுக்கப்படாத இடமாக்கி, அது சிக்கு வலது பக்கத்தில் ஒட்டியிருந்தால் மட்டுமே "எக்ஸ்டெண்ட் வால்யூம்" வேலை செய்யும். உங்கள் பழைய விண்டோஸ் பெரும்பாலும் இடது பக்கத்தில் இருக்கும். அதனால் சேர்க்க முயலாமல், டியை அப்படியே வினாத்தாள்களுக்கும் படங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விண்டோஸ் போட நேர்ந்தாலும், டியைத் தொடாமல் சியில் மட்டும் போடச் சொல்லலாம்.

பெட்டிகளைப் பார்த்து எது எதுவென்று சந்தேகம் வந்தால், அந்தத் திரையைக் கைபேசியில் படம் பிடித்து இந்தப் பதிலின் கீழே போடுங்கள். பாடசாலை விட்டு வந்ததும் பார்த்து, எந்தப் பெட்டி என்று சொல்கிறேன். அதுவரை ஃபார்மட் செய்யாமல் இருங்கள்.