பயம் இல்லாத மீன்

கேள்வி: மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் சாப்பிடுகிறேன். இது கழிவுநீர் வழியாக ஆற்றுக்குப் போய் மீன்களின் பதற்றத்தைக் குறைக்கிறதாமே? அது மீனுக்கு நல்லதுதானே? கெடுதல் என்றால், மாத்திரையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.
– ஒரு வாசகி

பதில்: மாத்திரையை விட்டுவிடாதீர்கள் சகோதரி. மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் அவதிப்படப் போவது நீங்கள்தான்.

மீனுக்கு நல்லதா என்று கேட்டீர்களே, இல்லை. ஆய்வகத்தில் ஸீப்ரா மீன் எனும் கோடு போட்ட சின்ன மீன்களோடு நாள் முழுக்க இருப்பவன் நான். புதுத் தொட்டியில் விட்டதும் அது நேராக அடித்தரைக்குப் பாயும். அங்கேயே ஒடுங்கிக் கிடந்து, ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். சில வாரம் ஃப்ளூவாக்ஸெட்டின் கலந்த நீரில் இருந்த மீன் அப்படி ஒடுங்குவதில்லை. சீக்கிரமே மேல்மட்டத்தில் நீந்தத் தொடங்கிவிடுகிறது. பார்ப்பவருக்கு அது நிம்மதியாகத் தெரியலாம். கொக்குக்கு அது எளிதான இரை.

மிரண்ட மீனின் மூளை கொடுக்கும் உத்தரவில், தலைப்பக்கச் சிறுநீரகத்தில் உள்ள செல்கள் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும். தப்பி ஓடத் தேவையான சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றுவது அதுதான். ஃப்ளூவாக்ஸெட்டின் வேலை செய்வது செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளின் மேல். அது நமக்கும் மீனுக்கும் பொது என்பதால், மனிதருக்காகச் செய்த மருந்து இந்த ஏற்பாட்டிலும் கை வைக்கிறது. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கிவிட்டது. முட்டைப் பருவம் தொட்டு முதல் 6 நாட்கள் மட்டும் மருந்து பட்ட ஸீப்ரா மீன்களுக்கு, வளர்ந்த பிறகும் கார்டிசால் குறைவாகவே சுரந்தது. மருந்தையே காணாத அவற்றின் கொள்ளுப்பேரன் தலைமுறை வரை, அதிலும் ஆண் மீன்களில், அந்தக் குறை தொடர்ந்தது.

அங்கே கொடுத்தது லிட்டருக்கு 0.54, 54 மைக்ரோகிராம் என்று இரண்டு அளவுகள். ஆறுகளில் இருப்பது பெரும்பாலும் நானோகிராம் (மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில்தான். ஆய்வகத்தில் கண்டதெல்லாம் ஆற்றிலும் அப்படியே நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து மீனின் உடம்பில் சேர்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில், கழிவுநீர் கலக்கும் ஓடையில் பிடித்த மீன்களின் மூளையிலும் ஈரலிலும் தசையிலும் இருந்ததை 2005லேயே கண்டார்கள்.

இதில் உங்கள் மேல் தப்பில்லை. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த மருந்துகளை முழுதாக நீக்குவதில்லை. ஓசோன் வாயுவும், அசுத்தத்தை ஈர்த்துக்கொள்ளும் கிளர்வுற்ற கரியும் பெரும்பகுதியை நீக்கும். அதற்குச் செலவழிக்க வேண்டியவர்கள் நிர்வாகத்தில் இருப்பவர்கள். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மிஞ்சிய, காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். மருந்துக்கடையில் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.