பருவம் மாறும்போது யோகாவும் எண்ணெய்க் குளியலும் அக்குபங்சரும் உண்மையிலேயே உதவுமா?

சேலத்தில் குடியிருப்பதாகவும், ஜூன் முதல் ஏற்காட்டில் பணியில் சேரவிருப்பதாகவும், பருவம் மாறும்போதெல்லாம் தும்மலும் மூக்கடைப்பும் கழுத்துவலியும் வருவதாகவும் எழுதி, யோகா, மசாஜ், சித்த மருத்துவம், சீன மருத்துவம் ஆகியவற்றில் எதைப் பின்பற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மேலேயே தங்கப் போகிறீர்களா, தினமும் போய்வரப் போகிறீர்களா என்பதைச் சொல்லவில்லை. வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் படிப்பையும் எண்ணி நீங்களும் போய்வருவீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மலைக் கிராமப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியை. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து பத்தொன்பது ஆண்டுகளாகப் பேருந்தில் போய்வருகிறேன். மருத்துவம் படித்தவள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு யாரும் அதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்காது.

"ஏற்காட்டில் வேலையா, கொடுத்துவைத்தவர்" என்று உங்களிடமும் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். கோடை விழாவுக்கு இரண்டு நாள் வந்து ஏரியில் படகு விட்டுப் போகிறவர்களுக்கு அது சரி. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டிய உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது நானே வகுப்பில் நடத்தும் பாடம். அப்படியானால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் எட்டு டிகிரி குறைந்துவிடுகிறது, மாலையில் அதே எட்டு டிகிரி திரும்பக் கூடிவிடுகிறது. மற்றவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறும் பருவம் நமக்கு ஒரு நாளில் இரண்டு முறை மாறுகிறது. பாடம் நடத்தும் எனக்கே இது என் மூக்குக்கும் மார்புக்கும் பொருந்தும் என்று உறைக்க எட்டு ஆண்டுகள் ஆயின.

அந்த எட்டு ஆண்டுகளும் எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் பெண்களின் எண்ணெய்க் குளியல் நாட்கள். செவ்வாய்க்கிழமையை எப்படியோ தவிர்த்துவிடுவேன். வெள்ளிக்கிழமைக்கு என் மாமியாரிடம் விலக்கு கிடையாது. ஐந்து மணிக்கு எழுந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, அரப்புத் தூள் போட்டுக் குளித்து, இடுப்பு வரை நீண்ட ஈரத்தலையை முடிந்துகொண்டு ஏழு மணிப் பேருந்தைப் பிடிப்பேன். பத்தாவது வளைவுக்கு மேல் மூடுபனி தொடங்கும். ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கிய நிலையில் சிக்கியிருக்கும். மாலைக்குள் தலை பாரமாகிவிடும், சனிக்கிழமை முழுவதும் தும்மல், ஞாயிற்றுக்கிழமை இரவு இளைப்பு. "ஈரத்தோட போகாத கண்ணு, சாம்பிராணி போட்டுக்கோ" என்று அத்தை அன்போடு கூந்தலைப் புகைகாட்டி அனுப்பத் தொடங்கிய பிறகு இளைப்பு வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்தது. அவர் குற்றம் சொன்னது நான் அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த யோகாவை. நான் குற்றம் சொன்னது நல்லெண்ணெயை.

ஈரத்தலையால் சளி பிடிக்காது, வைரஸால்தான் பிடிக்கும் என்று கருத்துப் பகுதியில் எழுதவிருப்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. எனக்கு வந்தது தொற்றுச் சளியே இல்லை, ஒவ்வாமையும் ஆஸ்துமாவும். குளிர்ந்த காற்றும் புகையும் மழைக்கால வகுப்பறைச் சுவரில் பூக்கும் பூசணமும் என் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்கின்றன என்று நுரையீரல் மருத்துவர் விளக்கி, தினமும் இழுக்க வேண்டிய இன்ஹேலர் ஒன்றையும் அவசரத்துக்கு ஒன்றையும் கொடுத்தார். அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் இருந்த மருத்துவரோ எண்ணெயின் மீது குற்றமே இல்லை என்றார். எண்ணெய் முழுக்கு நாளில் வெந்நீரில் குளிக்க வேண்டும், எளிதில் செரிக்கும் உணவு உண்ண வேண்டும், பகலில் உறங்கக் கூடாது, குளிர்காற்றில் அலையக் கூடாது என்று விதிகள் உண்டு. நீங்கள் முழுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டீர்கள் என்று சொன்னார். மழைக்காலத்தில் நல்லெண்ணெய்க்குப் பதிலாகச் சுக்குத் தைலம் தேய்க்கச் சொன்னதும் அவரே. இரண்டு மருத்துவர்களும் மற்றவர் கொடுத்ததை நிறுத்தச் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து நான் போன இடம் அப்படிப்பட்டது இல்லை.

நகரத்தில் ஒருவர், சில மாதப் பயிற்சி முடித்து, வீட்டு முன்னறையில் அக்குபங்சர் பார்த்துக்கொண்டிருந்தார். பருவத்துக்கு ஒரு உறுப்பு என்ற சீன மருத்துவக் கணக்கை, அதாவது வசந்தத்துக்குக் கல்லீரல், கோடைக்கு இதயம், இலையுதிர் காலத்துக்கு நுரையீரல், குளிர்காலத்துக்குச் சிறுநீரகம் என்பதை, அழகாகவே விளக்கினார். குளிர்காலத்தில் சீக்கிரம் படுத்து, சூரியன் வந்த பிறகுதான் எழ வேண்டும் என்றும் சொன்னார். இது அவர் இட்டுக்கட்டியது அன்று. பழைய சீன மருத்துவ நூலில் உள்ள அறிவுரைதான். ஆனால் மார்கழியில் பெய்ஜிங்கில் சூரியன் உதிப்பது ஏழரை மணிக்கு. சேலத்தில் ஆறரைக்கே உதித்துவிடுகிறது, என் பேருந்து ஏழு மணிக்கு, வாசலில் கோலம் அதற்கும் முன்னால். அவர்களுடைய இலையுதிர் காலம் வறண்டது. அதே மாதங்களில் இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. யோகத்துக்கும் இதே சிக்கல் உண்டு. வசந்தத்திலும், மழைக்காலத்தை அடுத்து வரும் சரத் காலத்திலும்தான் யோகப் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று கேரண்ட சம்ஹிதை என்ற பழைய யோக நூல் சொல்கிறது. வடநாட்டில் சரத் காலம் வானம் தெளியும் காலம், நமக்கோ அது ஐப்பசி அடைமழையில் போய் முடிகிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று நம் மண்ணில் பிரித்த ஆறு பொழுதுகள் நம் வானத்தோடு ஒத்துப்போகின்றன. எந்த முறையைப் பின்பற்றினாலும் அதன் நாட்காட்டியை அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள் என்பதைத்தான் இவ்வளவு சுற்றிச் சொல்கிறேன்.

நாட்காட்டியால் வந்த தொல்லை சிறியது. அதே மனிதர், தும்மலும் சளியும் உடல் கழிவை வெளியேற்றும் வழி, இன்ஹேலர் அதைத் தடுக்கிறது, நிறுத்திவிடுங்கள் என்றார். படித்தவள், பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பவள், நான் நிறுத்தினேன். முதல் மூன்று வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தினசரி இன்ஹேலரின் பலன் நிறுத்திய மறுநாளே போய்விடாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஐந்தாவது வாரம், கார்த்திகை மாதத்தில், விடாமல் மழை பெய்த ஒரு நாள், மூன்றாவது பாடவேளையில் கரும்பலகையில் எழுதிய வரியை வாசித்துக்காட்ட எனக்கு மூச்சு போதவில்லை. மலைப்பாதையில் மரம் விழுந்து பேருந்து வரவில்லை. எஸ்டேட் ஜீப் ஒன்றில், நடுவில் என்னை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் சக ஆசிரியைகள் பிடித்துக்கொண்டு, மேலேயே இருந்த அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நெபுலைசர் முகமூடியை வைத்த செவிலியர், "இன்ஹேலர் எங்கேம்மா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மூச்சு இல்லாதது ஒரு காரணம்.

இதனால் அக்குபங்சரையே பழிக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். கழுத்துவலிக்கு முறையாகப் படித்த ஒருவரிடம் பின்னாளில் ஊசி போட்டுக்கொண்டேன், வலி தணிந்தது. மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள், அவர் எந்த மருத்துவ முறையைச் சேர்ந்தவராக இருந்தாலும்.

யோகாவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. கோடையில், அக்கினி நட்சத்திர வெயிலில் வீடு திரும்பியதும், நாக்கைக் குழலாக்கி மூச்சிழுக்கும் சீதளி எனக்கு இதம் தருகிறது; அதையே உற்சாகத்தில் ஒருமுறை மேலே பனியில் செய்து, மதியம் வரை இருமினேன். மழையும் பனியுமான மாதங்களில் சூரிய நமஸ்காரமும், மூக்குத் துளைகளில் மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடிசுத்தியும் போதும், மூச்சை அடக்கும் பயிற்சிகள் வேண்டாம் என்று என் ஆசிரியர் நிறுத்திவைத்திருக்கிறார்.

மசாஜுக்கு வருகிறேன். சித்த மருத்துவத்தில் அதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் முதலான ஒன்பது வகை உண்டு. நோட்டுத் திருத்தியும் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்தும் இறுகிப்போன தோளுக்கு, உளுந்துத் தைலத்தைச் சூடுகாட்டிச் சித்தப் பிரிவில் தேய்த்தபோதுதான் அந்தத் தோள் எவ்வளவு இறுகியிருந்தது என்றே தெரிந்தது. காய்ச்சல் இருக்கிறதா, எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்ட பிறகே கைவைத்தார்கள். ஏற்காட்டில் தங்கும் விடுதி ஒன்றில், தோழியின் பிறந்தநாள் சலுகையில் நான் செய்துகொண்ட மசாஜில் இந்த இரண்டு கேள்விகளும் இல்லை. மார்கழிக் குளிரில் குளிர்சாதனத்தையும் ஓடவிட்டு, ஆறிய எண்ணெயைத் தேய்த்து, மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு ரோஜாப்பூவும் கொடுத்தார்கள். கெண்டைக்கால் தசைப்பிடிப்போடு பேருந்தில் நின்றுகொண்டே இறங்கினேன்.

இப்போது என் எண்ணெய்க் குளியல் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை நாளில், வெயில் ஏறிய பிறகு. சனி ஆண்களுக்குரிய நாள் என்று அத்தை ஆறு மாதம் முணுமுணுத்தார். அந்த ஜீப் பயணத்தைப் பற்றி அவரிடம் நான் சொல்லவே இல்லை, ஆனால் சக ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்தபோது சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை எழுந்து பார்த்தால் அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது, சுக்குத் தைலம் கிண்ணத்தில் இளஞ்சூடாக இருந்தது, சாம்பிராணிக் கரண்டி பரணுக்குப் போயிருந்தது.

ஜூனில் சேருகிறீர்கள் என்றால் கார்காலத்துக்கு முன் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் ஒரு மருத்துவரிடம் காட்டி, உங்களுக்கு இருப்பது ஒவ்வாமையா, இளைப்பா என்று சோதித்துக்கொள்ளுங்கள். காதை மூடும் சால்வை ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள். பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் மட்டும் ஜன்னல் முழுதாக மூடும். ஆனால் அங்கே பெரும்பாலும் நான் உட்கார்ந்திருப்பேன்.