நீலப் பெட்டியின் ரசிகர்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் 'டாக்டர் ஹூ' பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். 1963-ல் பிபிசியில் தொடங்கி, 1989-ல் நின்றுபோய், 2005-ல் மறுபடி எழுந்த பிரிட்டன் தொடர். டாக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் ஒருவர் டார்டிஸ் என்ற கலத்தில் ஏறிக் காலத்தையும் விண்வெளியையும் சுற்றிவருகிறார். வெளியே பார்த்தால் அது பழைய போலீஸ் டெலிபோன் பெட்டி, நீல நிறம். உள்ளே போனால் மாளிகை போல விரிகிறது. அந்த அரைப் பக்கத்துக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: தொடரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அறுபது வருஷக் கதை! 1963-லிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2005-ல் வந்த முதல் எபிசோடிலிருந்து தொடங்குங்கள். ரோஸ் என்ற பெண், துணிக்கடையில் வேலை பார்ப்பவள், ஒரு நாள் டாக்டரைச் சந்திக்கிறாள். அவர் யார் என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவள் கேட்கும் கேள்விகள்தான் நம் கேள்விகளும். அந்த சீசனில் 13 எபிசோடுகள். நான் நுழைந்ததும் அந்த வாசல் வழியாகத்தான். முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் படுக்கையில் கிடந்தபோது அண்ணன் மகன் டிவிடி கொண்டுவந்து கொடுத்தான். பொழுது போகட்டும் என்று போட்டது, இன்றுவரை விடவில்லை.

அந்த 13-ஐ முடித்த கையோடு 1963-ன் முதல் எபிசோடைப் பாருங்கள். இருபத்தைந்தே நிமிடம். பள்ளி ஆசிரியர்கள் இருவர், தங்கள் மாணவி ஒருத்தியின் வீடு எது என்று தெரிந்துகொள்ள அவளைப் பின்தொடர்ந்து ஒரு பழைய சாமான் கிடங்குக்குள் போகிறார்கள். ஒருவர் அறிவியல் ஆசிரியர், இன்னொருவர் வரலாற்று ஆசிரியை. பிள்ளைகளுக்கு இரண்டு பாடத்தையும் கதையோடு சொல்லிவிடலாம் என்பது அன்றைய திட்டம். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது 27 வயது. இயக்கியவர் வாரிஸ் ஹுசேன், லக்னோவில் பிறந்தவர், அவரும் இருபதுகளில்தான் இருந்தார். ஒளிபரப்பான நாள் 1963 நவம்பர் 23. அதற்கு முதல் நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். யாருடைய கவனமும் இந்தப் பக்கம் இல்லை. அதனால் அடுத்த வாரம், இரண்டாவது எபிசோடுக்கு முன்னால், முதல் எபிசோடை மறுபடி போட்டார்கள்.

கேள்வி: வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பழைய எபிசோடுகளில் சுவரே ஆடுகிறது, வேற்றுக்கிரகவாசி ரப்பர் உடை போட்ட மனிதர் என்று பார்த்தவுடனே தெரிகிறது. இதில் என்ன ரசிக்கிறீர்கள்?

பதில்: அவர்கள் சிரிக்கட்டும். நீங்கள் ஒரு எபிசோடை விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

அந்தத் தொடக்க இசை 1963-ல் உருவானது. மெட்டு ரான் கிரெய்னர் எழுதியது. அதை ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷைர், பிபிசியின் ஒலிப் பட்டறையில் வேலை பார்த்தவர். சிந்தசைசர் என்று ஒரு கருவி அவர் கையில் அன்று கிடையாது. ஒரு கம்பியை மீட்டிய ஒலி, ஆசிலேட்டர் என்ற மின்கருவியின் ஊளை, இப்படி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக டேப்பில் பதிவு செய்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சுருதி சேர்த்து, நாடாவை அளந்து வெட்டி, துண்டு துண்டாக ஒட்டினார். ஒட்டிய நாடாக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலந்ததுதான் நாம் கேட்கும் இசை. கிரெய்னருக்கே அது தன் மெட்டுதானா என்று ஆச்சரியமாகிவிட்டது. ராயல்டியில் பாதியை டெர்பிஷைருக்குத் தர வேண்டும் என்று விரும்பினார். நிறுவன விதி இடம்கொடுக்கவில்லை. டெர்பிஷைர் 2001-ல் இறந்தார். தொடரின் திரையில் அவர் பெயர் வந்தது 2013-ல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு எபிசோடில். அந்தப் பெயர் ஓடியபோது நான் எழுந்து நின்றேன். அறையில் வேறு யாரும் இல்லை.

அப்புறம் டார்டிஸ் கிளம்பும் சத்தம். அது பிரையன் ஹாட்ஜ்சன் செய்தது. பழைய பியானோவின் தடித்த கம்பியில் வீட்டுச் சாவியை வைத்துத் தேய்த்து, பதிவு செய்து, உருமாற்றினார். ஒரு சாவியும் ஒரு கம்பியும்! கேட்கும் ஒவ்வொரு முறையும் எங்கோ கிளம்பிப் போகப்போகிறோம் என்று மனசு துள்ளுகிறது. ஆடும் சுவர் என் கண்ணில் படுவதே இல்லை.

கேள்வி: பழைய எபிசோடுகள் பலவற்றை பிபிசியே அழித்துவிட்டதாகப் படித்தேன். உண்மையா? அப்படியானால் ரசிகர்கள் அவற்றைப் பற்றி எப்படி இவ்வளவு பேசுகிறார்கள்?

பதில்: உண்மைதான். இதைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

அறுபதுகளில் எபிசோடுகள் 2 அங்குல அகல வீடியோ டேப்பில் பதிவாயின. அந்த டேப்புக்கு விலை அதிகம். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தங்கள் எல்லை வகுத்திருந்தன. வீட்டில் போட்டுப் பார்க்கும் கேசட் என்ற எண்ணமே அப்போது இல்லை. ஆகவே டேப்பை அழித்து வேறு நிகழ்ச்சி பதிவு செய்தார்கள். வெளிநாடுகளுக்கு விற்பதற்காக 16 மி.மீ. ஃபிலிமில் பிரதிகள் எடுத்திருந்தார்கள். விற்பனைக் காலம் முடிந்ததும் எழுபதுகளில் அவற்றையும் ஒழித்தார்கள். 1978-ல்தான் இது நின்றது. முதல் ஆறு ஆண்டுகளின் எபிசோடுகளில் 90-க்கும் மேற்பட்டவை இன்று இல்லை.

படம்தான் இல்லை. ஒலி இருக்கிறது, காணாமல்போன ஒவ்வொரு எபிசோடுக்கும்! ஏனென்றால் பிரிட்டன் முழுக்க எத்தனையோ வீடுகளில், சனிக்கிழமை மாலைகளில், சிறுவர்கள் டேப் ரெக்கார்டரின் மைக்கை டிவி ஸ்பீக்கருக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஒயரை நேரடியாக ஸ்பீக்கரில் இணைத்தார்கள். பார்த்த கதையை மறுபடி கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை. ஒரு காலத்தில் தங்கள் கையில் இருப்பது மட்டுமே மிஞ்சும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஜான் குரா என்பவர் ஓடிக்கொண்டிருக்கும் டிவி திரையைப் படம் எடுத்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்று வந்தார். அந்தச் சின்னச் சின்னப் புகைப்படங்களை வரிசையாக வைத்து, மேலே ஒலியை ஓடவிட்டு, ரசிகர்கள் எபிசோடுகளைத் திரும்பக் கட்டினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த கண்டெடுப்பு ஒன்று சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் தணிக்கைக்காரர்கள், குழந்தைகள் பயப்படுவார்கள் என்று சில காட்சிகளை ஃபிலிமிலிருந்து வெட்டி எடுத்துக் கோப்பில் வைத்தார்கள். எபிசோடுகள் போய்விட்டன. வெட்டிய துண்டுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. 1996-ல் அங்கிருந்த ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். எந்த நொடிகளைப் பார்க்கக் கூடாது என்றார்களோ அந்த நொடிகளை மட்டும் இன்று நாம் பார்க்கிறோம்.

2013-ல் நைஜீரியாவில் ஜோஸ் என்ற ஊரின் டிவி நிலைய அறை ஒன்றில் கிடந்த பெட்டிகளில் 9 எபிசோடுகள் கிடைத்தன. அந்தச் செய்தி வந்த இரவு நான் தூங்கவில்லை.

அழித்தவர்கள்மேல் கோபம் வருமா என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். முன்பு வந்தது. எங்கள் வீட்டில் அப்பா குரல் பதிவான கேசட் ஒன்று இருந்தது, அவர் ஏதோ கணக்கு வாசித்துச் சொல்வது போல. எனக்கு 12 வயதில் அதன்மேல் ஒரு ரேடியோ நாடகத்தைப் பதிவு செய்தேன். வேறு கேசட் கையில் இல்லை. அப்பா அடுத்த அறையில்தான் இருந்தார், அவர் குரலைச் சேமிக்க வேண்டும் என்று ஏன் தோன்றும்? இப்போது அந்த நாடகமும் இல்லை, குரலும் இல்லை. அதனால் பிபிசி டேப் அறையில் வேலை பார்த்தவர்களைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

கேள்வி: எனக்குப் பிடித்த டாக்டர் போய்விட்டார். புதியவரைப் பார்க்கவே மனம் வரவில்லை. இது சரியா?

பதில்: சரிதான். துக்கம் துக்கம்தான், அவசரப்பட வேண்டாம். இந்தத் தொடரில் டாக்டராக நடிப்பவர் அவ்வப்போது மாறுவார். எனக்குப் பத்தாவது டாக்டர் டேவிட் டென்னன்ட் போனபோது நான்கு மாதம் பிடித்தது.

ஆனால் இந்த மாற்றம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு முடியாமல் போனது, வசனம் மறந்தது. நாயகன் இல்லாவிட்டால் தொடரை மூட வேண்டும். அந்த நெருக்கடியில்தான் டாக்டரின் உடல் தேய்ந்து வேறொரு உடலாக மாறும் என்ற யோசனை வந்தது. 1966 அக்டோபர் 29 அன்று ஹார்ட்னல் தரையில் விழுகிறார், முகம் ஒளியில் கரைகிறது, எழும்போது அங்கே பேட்ரிக் டிராட்டன். அந்த எபிசோடும் காணாமல்போனவற்றில் ஒன்று. முகம் மாறும் அந்தச் சில நொடிகள் மட்டும், பின்னாளில் 'புளூ பீட்டர்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் எடுத்துப் போட்டதால் தப்பின. டிராட்டன் வந்த முதல் கதையில் ஆறு எபிசோடும் போய்விட்டன. 2016-ல் ரசிகர்களின் ஒலிப்பதிவுக்கு அனிமேஷன் சேர்த்து வெளியிட்டார்கள். புது ஆளை நம்பலாமா என்று கதையில் வரும் இரண்டு துணைவர்களே சந்தேகத்தோடு பார்ப்பார்கள். நீங்கள் அதைப் பாருங்கள், உங்கள் மனசை அப்படியே எழுதியது போல இருக்கும்.

கேள்வி: கதையை முன்கூட்டியே சொல்லிவிடும் நண்பனை என்ன செய்வது?

பதில்: நேராகச் சொல்லிவிடுங்கள், எனக்கு வருத்தமாக இருக்கிறது என்று. என் தோழி ஒருத்தி கேட்டவுடன் நிறுத்திக்கொண்டாள்.

கேள்வி: நான் பார்க்கும் அறிவியல் புனைகதைத் தொடரைப் பாதியில் நிறுத்தப் போகிறார்களாம். ரசிகர்கள் கடிதம் எழுதினால் பலன் இருக்குமா?

பதில்: இருந்திருக்கிறது. அமெரிக்காவின் 'ஸ்டார் டிரெக்' 1966-ல் தொடங்கியது. இரண்டாவது சீசனோடு நின்றுவிடும் என்று செய்தி பரவியதும் பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற ரசிகத் தம்பதி கடித இயக்கம் தொடங்கினார்கள். தொடரை ஒளிபரப்பிய என்பிசி நிறுவனத்துக்கு வந்த கடிதங்கள் லட்சத்தைத் தாண்டின. கால்டெக் என்ற கலிபோர்னியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் மாணவர்கள், என்பிசி நிறுவனத்தின் வாசலுக்கே ஊர்வலம் போனார்கள். கடைசியில் 1968 மார்ச் 1 அன்று, எபிசோடு முடிந்ததும், தொடர் தொடரும் என்று டிவியிலேயே அறிவித்தார்கள். மூன்றாவது சீசனுக்குப் பணம் குறைந்தது, வெள்ளி இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள், 1969-ல் நின்றது. ஆனால் அந்த சீசனால் மொத்தம் 79 எபிசோடுகள் சேர்ந்திருந்தன. தினமும் மறு ஒளிபரப்பு செய்ய அது போதும். புது ரசிகர்கள் அந்த மறு ஒளிபரப்பில்தான் உருவானார்கள்.

2018-ல் 'தி எக்ஸ்பான்ஸ்' மூன்று சீசனோடு நின்றபோது ரசிகர்கள் பணம் திரட்டி, தொடரைக் காப்பாற்றச் சொல்லும் பதாகையைக் கட்டிய விமானத்தை அமேசான் ஸ்டூடியோ மேல் பறக்கவிட்டார்கள். அமேசான் எடுத்துக்கொண்டது, இன்னும் மூன்று சீசன் வந்தது. எழுதியும் வராத தொடர்கள் இவற்றைவிட அதிகம் என்பதும் உண்மை. எழுதுவதானால் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். எந்தக் காட்சி உங்களை என்ன செய்தது என்று சொல்லுங்கள். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் நகல் எடுத்து அனுப்பினால் படிப்பவர் கண் அதில் நிற்காது.

கேள்வி: எனக்கு 15 வயது. ஒவ்வொரு எபிசோடு முடிந்ததும் நோட்டில் எழுதி வைக்கிறேன். அதற்குப் பாடம் படிக்கலாமே என்கிறார் அம்மா. இதனால் ஏதாவது பயன் உண்டா?

பதில்: அம்மா சொல்வதையும் கேள், பாடத்தை முடித்துவிட்டு எழுது. ஆனால் எழுதுவதை விடாதே.

ஸ்காட்லாந்தில் உன் வயதுப் பையன் ஒருவன் இந்தத் தொடரைப் பாராட்டி 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினான். 1974-ல் அது அச்சில் வந்தது. பெயர் பீட்டர் கபால்டி. 2013-ல் அவர்தான் பன்னிரண்டாவது டாக்டர். நிக்கோலஸ் பிரிக்ஸ் ரசிகராக இருந்து சொந்தமாக ஒலிநாடகங்கள் செய்துகொண்டிருந்தவர், 2005 முதல் டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகளுக்குக் குரல் கொடுக்கிறார். தொடரைத் திரும்பக் கொண்டுவந்த ரஸ்ஸல் டி டேவிஸும் சின்ன வயதிலிருந்து ரசிகர்.

நீ நடிகராக வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. என்னிடம் பதினொரு நோட்டுகள் இருக்கின்றன, அவற்றால் எனக்கு எந்த வேலையும் கிடைக்கவில்லை. ஒரு எபிசோடுக்கு இரண்டு பக்கம்: இடது பக்கம் நடந்தது, வலது பக்கம் எனக்கு எழுந்த கேள்விகள். மூன்று வருஷம் கழித்துப் பதில் கிடைத்தால் அதே வலது பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுவேன். சிவப்பு விழாத பக்கங்கள் இன்னும் நிறைய உண்டு, அவற்றைப் புரட்டுவதுதான் எனக்குச் சந்தோஷம்.

ஒன்று மட்டும் மறக்காதே: ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் யார் என்றும் எழுது. என் முதல் நோட்டில் இரண்டும் இல்லை. டாலெக் முதன்முதலில் வரும் எபிசோடை அண்ணன் மகனோடு சேர்ந்து பார்த்தேனா, தனியாகப் பார்த்தேனா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.