பாட்டியின் சவரன் காசை உருக்கக் கொடுக்கலாமா?

கேள்வி: காலமான எங்கள் பாட்டியின் மரப்பெட்டியில் தங்கக் காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் அரசர் தலை. மறுபக்கம் குதிரைவீரன் ஒருவன் பாம்பைக் குத்தும் உருவம், கீழே 1918. விற்கப் போன கடையில், ஹால்மார்க் இல்லாததால் உருக்கிப் பார்த்து 20 காரட் கணக்கில்தான் எடுப்போம் என்றார்கள். காசில் மதிப்பே எழுதப்படவில்லை, ஆகவே போலி என்கிறார் உறவினர். என்ன செய்வது? – வாசகி, கும்பகோணம்

பதில்: தயவுசெய்து உருக்கக் கொடுக்காதீர்கள். உங்கள் வர்ணனைப்படி அது பிரிட்டிஷ் சவரன். நகைக்கடையில் நாம் 8 கிராமை ஒரு சவரன் என்கிறோமே, அந்தப் பெயரும் எடையும் இந்தக் காசிலிருந்து வந்தவைதான். குத்துப்படுவது பாம்பன்று, டிராகன்; குத்துபவர் புனித ஜார்ஜ். பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியச் சிற்பி வடித்த இவ்வுருவம் 1817-இல் முதன்முதலாக இக்காசில் இடம்பெற்றது.

இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றி 1489-இல் இதே பெயரில் பெரிய தங்கக் காசு ஒன்றை வெளியிட்டிருந்தாலும், இன்றைய சவரன் 1816-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தால் பிறந்தது. 20 டிராய் பவுண்டு (தங்கம் நிறுக்கும் பழைய ஆங்கில அளவை) எடையுள்ள 22 காரட் தங்கத்திலிருந்து 934½ சவரன் அடிக்க வேண்டும் என்பது கணக்கு. அதனால்தான் ஒரு காசின் எடை 7.988 கிராம் என்று முழுமையில்லாமல் நிற்கிறது. மதிப்பு எழுதாமல் அடிப்பதே இதன் வழக்கம் என்பதால், உங்கள் உறவினரின் ஐயத்துக்கு அடிப்படையில்லை. ஹால்மார்க் இல்லை என்ற வாதமும் பொருந்தாது, ஏனெனில் இதன் தூய்மைக்கு அரசு அச்சே சான்று. 22 காரட்டுக்குரிய 7.32 கிராம் தூய தங்கத்தை 20 காரட்டாகக் கணக்கிட்டால், 0.66 கிராமுக்கும் மேல் தங்கம் உங்கள் கையைவிட்டுப் போகும். இதை நான் சிறு இழப்பாகக் கருதவில்லை.

இக்காசு உங்கள் பாட்டியின் பெட்டிக்கு வந்ததில் வியப்பில்லை. 1899-இல் சவரன் 15 ரூபாய் மதிப்பில் இந்தியாவில் சட்டப்படி செல்லும் பணமாக்கப்பட்டது. அது கைமாறி வீடுகளில் சேமிப்பாகத் தங்கிவிட்டது.

அடுத்து அந்த 1918-ஐப் பாருங்கள். லண்டன் நாணயசாலை 1917-க்குப் பின் 1925 வரை சவரன் அடிக்கவில்லை. எனவே 1918 காசு எதுவும் கிளை நாணயசாலை ஒன்றில் அடிக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும், அதற்கான ஆங்கில எழுத்தும் அதில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு மேலே, குதிரை நிற்கும் தரைக்கோட்டின் நடுவில், பூதக்கண்ணாடி கொண்டு தேடுங்கள். எஸ் (S) என்றால் சிட்னி, எம் (M) என்றால் மெல்போர்ன், பி (P) என்றால் பெர்த், சி (C) என்றால் கனடாவின் ஒட்டாவா. ஐ (I) என்ற எழுத்து தென்பட்டால் அது பம்பாயில் அடித்தது. சிறிது காலமே அங்கு இயங்கிய கிளையில் ஏறத்தாழ 13 லட்சம் சவரன்கள் அடிக்கப்பட்டன. எழுத்தே இல்லாவிட்டால் போலியோ என்று ஐயப்பட இடமுண்டு.

போலி என்றால் பித்தளை என்று நினைத்துவிட வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் லெபனானில் உண்மைத் தங்கத்திலேயே போலிச் சவரன்கள் அடிக்கப்பட்டன. தங்கம் சரியாக இருப்பதால் மட்டும் காசு அசலாகிவிடாது. விட்டம் 22.05 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து, எடையையும் பாருங்கள். புழங்கித் தேய்ந்த காசு சற்று எடை குறையலாம்; ஆனால் 7.94 கிராமுக்குக் கீழே போனால், பழைய சட்டப்படியே அது செல்லாத எடையாகும்.

தூய்மையை உருக்காமலேயே காட்டும் எக்ஸ்ரே கருவி பல கடைகளில் உண்டு. அதில் உங்கள் கண்ணெதிரே சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு நாணய வணிகர் இருவரிடமாவது விலை கேளுங்கள். பம்பாய்க் காசு என்றால் தங்க விலைக்கு மேல் கேட்பது நியாயமே. ஆனால் மலைக்க வைக்கும் தொகையை எதிர்பார்க்க வேண்டாம். அதுவரை புளியோ பாலிஷோ போட்டுத் தேய்க்காதீர்கள், ஏனெனில் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குச் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பார்கள். தாலிக்கொடியிலோ மாலையிலோ கோக்க வளையம் பற்றவைத்திருந்தால், அதை நீங்களாகப் பிரிக்கவும் வேண்டாம்.

வெளிநாட்டு உறவினர் வழியாக அங்கே விற்கலாமென்றும் எண்ண வேண்டாம். நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்ப இயலாது.