தினமும் ஒன்று போட்டால் சீக்கிரம் சரியாகுமா?

கேள்வி: பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூட்டு வலிக்காக டாக்டர் வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரை, வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்தார். எனக்கும் அதே வலி. டெஸ்ட் எடுக்காமல் மெடிக்கலில் வாங்கி, மூன்று வாரமாகத் தினமும் போடுகிறேன். இப்போது ஓயாத தாகம், மலச்சிக்கல். வெயில்தான் காரணமோ?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வெயில் மேல் பழி போடாதீர்கள், முதலில் மாத்திரையை நிறுத்துங்கள். அக்கா மூன்று போட்ட இடத்தில் நீங்கள் இருபத்தொன்று போட்டிருக்கிறீர்கள்! வைட்டமின் சி என்றால் மிச்சம் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும், ஆனால் டி கொழுப்பில் கரைவது, உடம்பிலேயே தங்கிவிடும், நிறுத்தினாலும் வாரக்கணக்கில் இறங்காது. அது எக்கச்சக்கமாகச் சேர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, நீங்கள் சொல்லும் தாகம், மலச்சிக்கல், அப்புறம் குமட்டல், அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கிக் கடைசியில் சிறுநீரகத்தில் கை வைக்கும். சர்க்கரை இருந்தாலும் தாகம் எடுக்கும், அதனால் நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். கால்சியம் மாத்திரையும் போடுகிறீர்களா? அதையும் நிறுத்திவிட்டு, காலி அட்டைகளோடு இன்றே டாக்டரிடம் போங்கள். கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), வைட்டமின் டி மூன்றையும் ரத்தத்தில் பார்ப்பார்கள். மூட்டு வலிக்குக் காரணம் தேய்மானமாகவோ தைராய்டாகவோகூட இருக்கலாம், அதையும் கேளுங்கள்.