வாசகர் கேள்வி: படம் விற்பவருக்கு இனி என்ன இடம்?

ஸ்டாக் போட்டோ, அதாவது பலரும் உரிமம் வாங்கிப் பயன்படுத்திக்கொள்ள முன்பே எடுத்துவைத்த படங்களையும் வீடியோத் துண்டுகளையும் இணையத்தில் விற்பதைப் பற்றிக் காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கவலையைச் சுற்றியே அமைந்திருப்பதால், அவற்றுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் கல்யாணப் படம் எடுப்பவன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் எடுக்கும் படங்களை ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் ஆகிய படம் விற்கும் தளங்களில் ஏற்றி வருகிறேன். படங்களின் எண்ணிக்கை கூடக்கூட வருமானம் குறைகிறது. சொன்னபடி படம் உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இதைத் தொடர்வதில் பொருள் உண்டா?
– புகைப்படக்காரர், காரைக்குடி

பதில்: உங்கள் வருமானம் குறையத் தொடங்கியதற்குச் செயற்கை நுண்ணறிவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2000இல் கனடாவின் கால்கரி நகரில் ஐஸ்டாக்போட்டோ தொடங்கப்பட்டதைத் தொடர்ந்து, அதுவரை பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்த படங்கள் சில டாலருக்குக் கிடைக்கும் நிலை உருவானது. 2003இல் வந்த ஷட்டர்ஸ்டாக், மாதச் சந்தா கட்டியவர் படங்களை அள்ளிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டைப் பரவலாக்கியது. சந்தா வந்த அன்றே ஒரு படத்துக்கென்று தனி விலை இல்லாமல் போயிற்று. வாடிக்கையாளர் கட்டிய தொகையில் எவ்வளவு எடுத்தவரின் பங்குக்கு வரும் என்பதே கேள்வியாக மாறியது. 2020 ஜூனில் அந்த நிறுவனம் கொண்டுவந்த முறைப்படி எடுத்தவரின் பங்கு 15 முதல் 40 விழுக்காடு வரை படிப்படியாக உயரும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று எல்லோரும் மீண்டும் முதற்படிக்கே இறங்கிவிடுவார்கள். ஒரு படத்துக்கு 10 சென்ட் மட்டும் வருவதும் அப்போதுதான் பலருக்கு வழக்கமாயிற்று. இதற்கிடையே பெக்சல்ஸ், பிக்சபே, அன்ஸ்பிளாஷ் ஆகிய தளங்கள் நல்ல படங்களை இலவசமாகவே கொடுத்துவந்தன. முதல் இரண்டையும் 2019இல் வடிவமைப்புத் தளமான கேன்வா வாங்கியது. மூன்றாவதை 2021இல் படம் விற்கும் பெரிய நிறுவனமான கெட்டி இமேஜஸ் வாங்கியது.

செயற்கை நுண்ணறிவு இவற்றோடு சேர்ந்த கடைசி அடி. அது பறித்துக்கொள்வது எந்த வகைப் படத்தை என்பதைப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். மேசைமேல் மடிக்கணினியும் காப்பிக் கோப்பையும், வெள்ளைப் பின்னணியில் பழங்கள், கடற்கரையில் சூரிய அத்தமனம், கைகுலுக்கும் இரண்டு அலுவலர்கள் போன்ற படங்களை வாங்கியவர் எவரும் அது யாருடைய கை, எந்தக் கடற்கரை என்று ஒருபோதும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாத அந்தப் படங்களுக்குப் பணம் வரும் காலம் முடிந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். பாடநூல் பதிப்பாளர், நாளிதழ், ஆவணப்பட இயக்குநர், பயண நிறுவனம், பாரம்பரிய வீட்டை விடுதியாக நடத்துபவர் ஆகியோருடைய நிலை வேறு. படத்தில் இருப்பது இன்ன ஊர், இன்ன பொருள் என்று அவர்கள் தம் வாசகருக்கும் வாடிக்கையாளருக்கும் உறுதி சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த உறுதியைத் தரும் படத்துக்குத்தான் இனி விலை.

ஆகவே ஒரு படத்தை ஏற்றுவதற்கு முன், அதன் ஊர்ப்பெயரையும் தேதியையும் அழித்துவிட்டால் அதன் மதிப்புக் குறையுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். குறையும் என்றால் ஏற்றுங்கள். குறையாது என்றால் அதற்குச் செலவிடும் நேரம் வீண். ஏற்கெனவே ஏற்றிய படங்களில் 'இந்தியக் கட்டடம்', 'பழைய வீடு' என்று குறிச்சொல் போட்டிருப்பவற்றைத் திருத்தி, முகப்பு, வளவு எனும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு, பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணச்சுவர் என்று இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். தளங்களுக்கு வெளியேயும் பாருங்கள். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் உள்ள விடுதிகள், பலகாரம் விற்பவர்கள், கண்டாங்கிச் சேலை நெய்பவர்கள் ஆகியோருக்கு ரூபாயில் நேரடியாக உரிமம் எழுதிக் கொடுத்தால், ஒரே விற்பனையில் வரும் தொகை தளத்தில் பல மாதம் காத்திருந்து பெறுவதைவிட அதிகமாக இருக்கக்கூடும். 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப்போவதாக அறிவித்ததை நினைவில் வையுங்கள். நம் படங்களை வாங்கி விற்கும் நிறுவனங்களின் எண்ணிக்கை குறையும் சந்தையில் விற்பவருக்குப் பேரம் பேசும் வலு இருக்காது. எப்படிப் பார்த்தாலும் இது கல்யாண வேலைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு வரவாகவே இருக்கும். இதை நம்பிக் கடன் வாங்கிப் புதுக் கேமரா வாங்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் ஏற்றிய படங்களை வைத்துத்தான் படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்களாம். அதற்குப் பணம் கேட்க முடியாதா?
– கல்லூரி மாணவர், தேவகோட்டை

பதில்: சில நிறுவனங்கள் கேட்காமலே சிறிது கொடுத்திருக்கின்றன. 2022 அக்டோபரில் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓப்பன்ஏஐயோடு தன் கூட்டுறவை விரிவுபடுத்தியபோது ஷட்டர்ஸ்டாக் படம் தந்தவர்களுக்கென ஒரு நிதியை அறிவித்தது. அடோபி, படம் உருவாக்கும் தன் ஃபயர்ஃபிளை கருவிக்கு அடோபி ஸ்டாக் படங்களைப் பயன்படுத்திவிட்டு 2023இல் அவற்றைத் தந்தவர்களுக்கு ஊக்கத்தொகை அளித்தது. தொகையை அவர்களே தீர்மானிக்கிறார்கள் என்பதால், இதை வரும்போது பெற்றுக்கொள்ளலாமே தவிரக் கணக்கில் எழுதிவைக்க முடியாது. அனுமதி கேளாமல் எடுத்துக்கொண்டதாகக் கெட்டி இமேஜஸ், படம் உருவாக்கும் கருவியை வெளியிட்ட ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின் மீது லண்டனில் தொடுத்த வழக்கில் 2025 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வணிகக்குறி தொடர்பான ஒரு சிறு பகுதியில் தவிர, பெரும்பாலும் கெட்டிக்கு எதிராகவே முடிந்தது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், தேவகோட்டையிலிருந்து தனியாள் வழக்காடுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சில தளங்களில் பயிற்சிக்குப் படம் தர விருப்பமில்லை என்று குறிப்பிடும் வசதி உண்டு. உங்கள் கணக்கின் அமைப்புகளில் அதை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டையா கட்டிய வீட்டைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுவதுண்டு. அப்படி வந்த ஒருவர் எடுத்த பட்டாலை (முன்கூடம்), வளவுப் படங்கள் இப்போது ஒரு தளத்தில் விலைக்கு இருக்கின்றன. எங்களைக் கேட்காமல் விற்கலாமா?
– குடும்பத் தலைவி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, இதில் இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, ஒரு கட்டடக்கலைப் படைப்பைப் படம் எடுப்பதையும் அந்தப் படத்தை வெளியிடுவதையும் பதிப்புரிமை மீறலாகக் கொள்வதில்லை. எனவே தெருவில் நின்று உங்கள் வீட்டு முகப்பை ஒருவர் எடுத்தார் என்றால், பதிப்புரிமையைக் காட்டி அவரைத் தடுக்க வழியில்லை. வீட்டுக்குள் வந்து எடுத்தவர் உங்கள் அனுமதியின்மேல் வந்தவர். எந்தக் காரியத்துக்காக உள்ளே விட்டீர்களோ அதற்குத்தான் அந்த அனுமதி. வாடகை ஒப்பந்தத்தில் இன்ன திரைப்படத்துக்கு, இன்ன நாளுக்கு என்று எழுதியிருந்தால், அங்கே எடுத்தவற்றைத் தனியே விற்பது ஒப்பந்தத்துக்குப் புறம்பானது என்று நீங்கள் வாதாடலாம். ஒன்றும் எழுதாமல் வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் சங்கடம்தான்.

தளங்களின் விதி சட்டத்தைவிடக் கடுமையானது என்பது உங்களுக்குச் சாதகம். விளம்பரத்துக்குப் பயன்படும் உரிமத்தில் விற்பதற்கு, அடையாளம் தெரியக்கூடிய தனியார் இடத்தின் உரிமையாளர் கையெழுத்திட்ட ப்ராப்பர்ட்டி ரிலீஸ் படிவத்தைப் பெரிய தளங்கள் கேட்கின்றன. அந்தப் படங்கள் எந்த உரிமத்தில் இருக்கின்றன என்று பார்த்து, விளம்பர உரிமத்தில் இருந்தால், நீங்கள் படிவம் எதிலும் கையெழுத்திடவில்லை என்று தளத்துக்கு எழுதுங்கள்.

இனிமேல் விடும்போது கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று செட்டிநாட்டுக்கே உரியது. கட்டியவருக்குப் பிறகு மூன்று நான்கு தலைமுறை கடந்த வீட்டுக்குப் பல புள்ளிகள் (குடும்பங்கள்) பங்குடையவர்களாக இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், சாவி வைத்திருப்பவர் மட்டும் ஊரில். படிவத்தில் சாவி வைத்திருப்பவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு ஒரு பங்காளி அந்த வீட்டுப் பட்டாலையைச் சோப்பு விளம்பரத்தில் பார்த்தால் மனக்கசப்பு எங்கே வந்து நிற்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. பங்குடைய எல்லோரும் சேர்ந்து ஒருவருக்கு இதற்கென எழுத்தில் அதிகாரம் கொடுத்து, வரும் தொகை வீட்டுப் பராமரிப்புக் கணக்கில் சேர வேண்டும் என்றும் அதிலேயே குறித்துவிடுவது நல்லது. ஓடு மாற்றவும் ஒழுக்கு அடைக்கவும் ஆகும் செலவை அறிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் படங்களையும் கவனியுங்கள். ரவிவர்மா 1906இல் காலமானவர் ஆகையால் அவருடைய ஓவியங்களுக்குப் பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டது. பிற்காலத்து ஓவியர்கள் வரைந்த காலண்டர்ப் படங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. முன்னோர் உருவப்படங்கள் சட்டத்தைவிட மரியாதை சம்பந்தப்பட்டவை. எடுப்பதற்கு முன் அவற்றைக் கழற்றி வைக்கச் சொல்வேன்.

கேள்வி: அப்பா பூக்கல் (ஆத்தங்குடித் தரைக்கல்) போடுகிறார். அந்த வேலையை வீடியோ எடுத்து விற்கலாம் என்று நினைக்கிறேன். எப்படி எடுப்பது?
– ஆத்தங்குடி இளைஞர்

பதில்: தம்பி, வந்த கடிதங்களிலேயே நம்பிக்கை தருவது உங்களுடையது. 2024 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ காட்டிய சோரா, அடுத்த ஆண்டு கூகுள் வெளியிட்ட, ஓசையையும் சேர்த்தே உண்டாக்கும் வியோ 3 போன்ற வீடியோ உருவாக்கும் கருவிகள் பார்ப்பதற்கு அசலான காட்சிகளைச் சில நிமிடங்களில் கொடுக்கின்றன. ஆனால் ஒரு கைவேலையின் வரிசையைச் சரியாகக் காட்டுவதற்கு அந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடிப் பலகையின்மேல் உலோக அச்சை வைப்பது, சிறு கரண்டியால் வண்ணக் கலவையை அறை அறையாக ஊற்றுவது, அச்சைக் கலங்காமல் தூக்குவது, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுவது, ஈரக் கலவை வைத்து அழுத்தி மட்டம் செய்வது, உலர்ந்தபின் தண்ணீரில் ஊறப்போடுவது, கண்ணாடியை விட்டுப் பிரிந்த கல்லின் பளபளப்பு என ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாக எடுங்கள். துண்டு ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும். வேலை தொடங்குவதற்குச் சற்று முன்பே பதிவைத் தொடங்கி, முடிந்த பிறகும் சில நொடி விட்டு நிறுத்தினால் படத்தொகுப்பாளருக்கு வெட்ட இடம் கிடைக்கும். கேமரா முக்காலியில் அசையாமல் இருக்கட்டும்.

4கே தரத்தில் எடுங்கள். பட்டறையில் குழல் விளக்கு இருந்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 25 சட்டகமும் (ஃபிரேம்) ஷட்டர் 1/50உம் வைத்தால் ஒளி துடிக்காது. முடிந்தால் விளக்கை அணைத்துவிட்டுச் சன்னல் வெளிச்சத்திலேயே எடுங்கள். அடோபி ஸ்டாக்கில் படத்துக்கு 33 விழுக்காடும் வீடியோவுக்கு 35 விழுக்காடும் எடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். விழுக்காட்டில் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் வீடியோத் துண்டின் விற்பனை விலையே படத்தைவிடப் பொதுவாக அதிகம். அப்பாவிடமும் பட்டறையில் உடன் வேலை செய்பவர்களிடமும், படத்தில் தோன்றச் சம்மதம் தெரிவிக்கும் மாடல் ரிலீஸ் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். உடன் வேலை செய்பவர்களுக்கு அதற்கென ஒரு தொகை கொடுத்துவிடுவது முறை. திருத்தாத மூலக் கோப்புகளை அழிக்காமல் வையுங்கள். இது உண்மையாக எடுத்ததா என்று வாங்குபவர் கேட்கும் வழக்கம் இனிப் பெருகும்போது அவைதாம் உங்களுக்குச் சாட்சி.

கேள்வி: செயற்கை நுண்ணறிவில் செட்டிநாட்டு வீட்டுப் படங்களை உருவாக்கி விற்றால் என்ன?
– பெயர் வேண்டாம், புதுவயல்

பதில்: கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் அவ்வகைப் படங்களைப் படைப்பாளர்களிடமிருந்து ஏற்பதில்லை. அடோபி ஸ்டாக் அவற்றைக் கருவியால் உருவாக்கியவை என்று குறிப்பிட்டால் ஏற்கிறது. நான் பார்த்த அத்தகைய படங்களில் கேரளத்துக் கூரையும் இராசத்தானத்துச் சாளரமும் சேர்ந்து, நம்மூர்க்காரர் எவரும் குடியேற மறுக்கும் வீடுகளே இருந்தன. விற்கலாம், செட்டிநாடு என்று பெயர் போடாமல் விற்பது நேர்மை.

கேள்வி: சிராவயல் மஞ்சுவிரட்டைப் படம் எடுத்து விற்க வேண்டுமானால் கூட்டத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க முடியுமா?
– ஆசிரியர், திருப்பத்தூர்

பதில்: வேண்டியதில்லை. எடிட்டோரியல் உரிமத்தில் ஏற்றினால் மாடல் ரிலீஸ் கேட்க மாட்டார்கள். அப்படங்களைச் செய்திக்கும் கல்விக்கும் பயன்படுத்தலாம், விளம்பரத்துக்குக் கூடாது. ஊர், மாநிலம், நாடு, தேதி, என்ன நடக்கிறது என்பதைக் குறிப்பில் பிழையின்றி எழுத வேண்டும். தை மாதத்து மஞ்சுவிரட்டோடு குன்றக்குடிப் பங்குனி உத்திரம், அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்பு ஆகியவற்றையும் ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து எடுத்துவாருங்கள். அந்தத் தொடர்ச்சியை வேறு எவரும் உங்களுக்குப் போட்டியாகத் தர முடியாது. கோயிலுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது என்பதால் வீதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருமயம் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. அங்கே வணிகப் படப்பிடிப்புக்கு முன் அனுமதி தேவை.

கேள்வி: அமெரிக்கத் தளங்கள் வரி பிடிப்பதாகச் சொல்கிறார்கள். எவ்வளவு?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: அமெரிக்காவில் நடக்கும் விற்பனையின் பங்கில், நீங்கள் அமெரிக்கர் அல்லர் என்று தெரிவிக்கும் டபிள்யூ-8பென் படிவம் தராவிட்டால் 30 விழுக்காடு பிடிப்பார்கள். பான் எண்ணுடன் அந்தப் படிவத்தைத் தந்தால், இந்திய–அமெரிக்க இரட்டை வரி உடன்படிக்கைப்படி ராயல்டிக்கு 15 விழுக்காடு. அப்படிப் பிடித்ததை இங்கே வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வழியுண்டு. ஆண்டு இறுதியில் தளம் தரும் வரிச் சான்றைப் பதிவிறக்கி உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள்.